ஒரு தாள் தடிப்பு

கொட்டாஞ்சேனை. தரம் ஐந்து.
பத்தரைக்கு மாதிரி வினாத்தாள் ஒன்பது நடக்கவேண்டும்.
நான் கதவைச் சாத்திவிட்டு
பையிலிருந்து படப்புத்தகத்தை எடுத்தேன்,
களவெடுத்த மாங்காயை எடுப்பதுபோல.
பெற்றோரின் வட்ஸ்அப் குழுவுக்குத் தெரிந்தால்
இரவிரவாக என் போன் துடிக்கும்.

ஓர் ஓவியக்காரியின் வாழ்க்கை, முப்பத்திரண்டு பக்கம்.
குளிர்நாட்டுக்காரி. ஸ்க்ரெனா என்று பெயர்.
தொடக்கத்தில் இரண்டு மெய்யெழுத்து
உயிரில்லாமல் விறைத்து நிற்கிறது.
பிள்ளைகள் இரக்கப்பட்டு முன்னால் ஓர் இகரம் வைத்தார்கள்.
இஸ்க்ரெனா.
அதோடு அவள் எங்கள் வகுப்பு.

பிரதி ஒன்று. பிள்ளைகள் நாற்பத்தொன்று.
படத்தை அவர்கள் பக்கம் திருப்பி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு
மேலால் எட்டிப் பார்த்து
எழுத்தைத் தலைகீழாக வாசிக்கிறேன்.
பத்து வருஷப் பழக்கம்.
நேராக வைத்தால்தான் இப்போது எனக்குத் தடக்குகிறது.

பதினைந்தாம் பக்கத்தில் அவளுக்கு ஒன்பது வயது.
அடுப்புக்கரியால் சுவரில் குதிரை கீறி அடி வாங்குகிறாள்.
தாளைத் திருப்பினால் முப்பத்தொன்று:
தலைநகரில் கண்காட்சி, தொப்பி போட்ட சனம், பூங்கொத்து.

"ரீச்சர், நடுவில கிழிஞ்சுபோச்சா?"
நுஸ்கியா. எதையும் எண்ணிப் பார்க்கிற பிள்ளை.
கிழியவில்லை, இப்படித்தான் எழுதுவார்கள் என்றேன்.
"அப்ப இருபத்திரண்டு வருஷமும் இந்தத் தாளுக்குள்ளயா?"
இரு விரலுக்கிடையில் அதைத் தேய்த்துப் பார்த்தாள்,
மெயின் வீதிக் கடையில்
துணியின் தரம் பார்ப்பவள்போல.

எனக்குப் பதில் வரவில்லை.
கீறுங்கள் என்றேன், உள்ளே என்ன இருந்ததென்று.
வினாத்தாளின் வெறும் பின்பக்கத்தில்.

காஸ் வரிசையில் நின்றாள்,
சிலிண்டரில் குந்தியிருந்து சிலிண்டரிலேயே கீறினாள்.
ஆமர் வீதியில் ஓட்டோக்களுக்குப் பின்னால் பெயர் எழுதினாள்,
பெயருக்கு முந்நூறு, பூவும் வேண்டுமென்றால் ஐம்பது கூட.
அவளுக்கொரு பிள்ளை பிறந்து
அது நான்கு படங்களில் அழுதது.
யதுர்ஷன் ஒரு கதவு மட்டும் கீறினான்.
வெளியே மூன்று சோடிச் செருப்பு.
உள்ளே யாரென்று நான் கேட்கவில்லை.

மெரில்டன் பனி கீறினான்.
அவள் ஊரில் பனி கொட்டுமென்று எட்டாம் பக்கத்தில் இருந்ததாம்.
கூரையில், வீதியில், அவள் தோளில்,
எல்லாம் இளஞ்சிவப்பு.

பனி வெள்ளையடா, என்றேன்.
அவன் என்னைப் பார்த்த பார்வையை
இரக்கம் என்றுதான் சொல்லவேண்டும்.
விடியப்புறம் மூன்று மணிக்குத் தகப்பனோடு
பேலியகொடை மீன்சந்தைக்குப் போய்வருகிறவன்.
ஐஸ்பெட்டிக்குள் கைவிட்டு விறைத்தவன்.
"முதல்ல வெள்ளைதான் ரீச்சர்.
மீன் வந்தாப் பிறகு இப்பிடித்தான்."

எட்டாம் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன்.
அவ்வளவு பனியில்
ஒரு மீன்கூட இல்லை.

பாடக்குறிப்பில் 'அடைந்த தேர்ச்சி' என்று ஒரு பெட்டி.
விரற்கடை அகலம்.
'திருப்தி' என்று எழுதினேன். அதிபர் ஒப்பமிட்டார்.

அடுத்த கிழமை மாதிரி வினாத்தாள் பத்து.
இருபத்துமூன்றாம் கேள்வி:
வெண்ணிறமல்லாத ஒன்றின் கீழ்க் கோடிடுக.
பால், பனி, கொக்கு, காகம்.
மெரில்டன் இரண்டுக்குக் கீழே கோடிட்டிருந்தான்.

இரண்டுக்குக் கோடிட்டால் புள்ளி இல்லை.
வெட்டுப்புள்ளியைத் தொட அவனுக்கு
ஒவ்வொன்றும் வேண்டும்.
பிழை போட்டேன். சிவப்புப் பேனை.
அந்தப் படம் அப்போதும் என் மேசை லாச்சிக்குள்.

இடைவேளையில் கூப்பிட்டுச் சொன்னேன்:
வினாத்தாளில் பனி வெள்ளை, மறந்துபோகாதே.
வினாத்தாளில் மட்டும்.

"தெரியும் ரீச்சர்," என்றான்
வாய் நிறையப் பணிஸோடு.
"தாள் போடுற ஆக்கள்
சந்தைக்குப் போறதில்லையே."