பதினேழு சதவீதம்

ஆய்வகத்தில் வெப்பமானி ஒன்றுதான்.
பாதரசம் நடுவில் அறுந்து
இரண்டு துண்டாக நிற்கும்.
உதறி உதறி ஒட்டவைத்துவிட்டுத்தான்
வகுப்புக்குப் போவேன்.

ஐப்பசி. குடவாசலில் நாலாம் நாள் மழை.
பதினொன்றாம் வகுப்பு, எட்டாவது பாடம்.
வெப்பம் வேறு, வெப்பநிலை வேறு என்கிறேன்.
ரெண்டும் சூடுதானே டீச்சர் என்கிறான் நஸ்ருதீன்.
காய்ச்சலும் சூடு, டீயும் சூடு,
மாட்டுக்குப் போடுறதும் சூடு,
சொரணையோட சேர்ந்து வருதே அதுவும் சூடு.
அதுக்கு என்ன அலகு?
கடைசி பெஞ்சு சிரித்து ஓய
இரண்டு நிமிடம் ஆயிற்று.
நானும்தான் சிரித்தேன்.

இரண்டாம் விதிக்கு
'ஆறின கஞ்சி பழங்கஞ்சி' என்று எழுதிப்போட்டேன்.
தானாக மறுபடி சுடாது.
அம்புக்குறி ஒரு பக்கம் மட்டும்.

அப்போது கோகிலவாணி எழுந்தாள்,
மூன்று நாளாக வராதவள்.
கழுத்தில் நெல்சுணை அரித்த தடிப்பு.

தானாத்தான் சுடுது டீச்சர்.
கொள்முதல் நிலையத்துல எங்க குறுவை
தார்ப்பாய்க்குக் கீழ கிடக்கு.
ராத்திரி குவியலுக்குள்ள கையை விட்டேன்,
முழங்கை வரைக்கும் சுட்டுது.
அடுப்பு இல்ல. வெயிலும் இல்ல.

சாக்பீஸைக் கீழே வைத்தேன்.
நெல் மூச்சு விடுகிறது என்றேன்.
ஈரம் ஏற ஏற வேகமாக விடும்,
தன் மாவைத் தானே தின்று சுடும்.
கஞ்சிக்கு மூச்சில்லை, ஆறிப்போகிறது.

அப்ப அந்தச் சூட்டுலயே ஈரம் காயாதா?

புத்தகத்தில் இல்லாத கேள்வி.
யோசித்து யோசித்துச் சொன்னேன்:
உள்ளே ஆவியாவது மேலே வருகிறது,
குளிர்ந்த தார்ப்பாயில் முட்டுகிறது,
மறுபடி நீராகி அதே நெல்லில் சொட்டுகிறது.

மேல்நெல்லு முளை விட்டிருக்கே,
அதனாலதானா?

அதனால்தான்.

கணக்குப் போட்டோம்.
மூட்டை நாற்பது கிலோ, ஈரப்பதம் இருபத்திரண்டு.
பதினேழுக்கு இறங்கினால்தான் தராசில் ஏறும்.
போகவேண்டிய தண்ணீர்
இரண்டு கிலோ நானூறு கிராம்.
உள்ளுறை வெப்பத்தால் பெருக்கினால்
ஐம்பத்து நாலு லட்சம் ஜூல்.
ஒரு மூட்டைக்கு.
இருநூறு மூட்டைக்கு அவள் பெருக்கிக்கொண்டிருக்கையில்
மணி அடித்துவிட்டது.
நூறு கோடிக்கும் மேல் வந்த எண்ணைச் சுற்றி
பேனாவால் வட்டம் போட்டாள், இரண்டு தடவை.

நல்ல வெயிலில், கும்பகோணம் சாலையோரம்,
ஒன்றரை நாள் வேலை அது. காசில்லாமல்.

சாயங்காலம் வெப்பமானியைக் கேட்டாள்.
வெளியே கொடுக்கக் கூடாது.
கொடுத்தேன்.

திங்கட்கிழமை செய்முறை நோட்டு வந்தது.
தேவையான பொருள்கள்:
வெப்பமானி, மண்வெட்டி, டார்ச், நெல்.
காற்றில் இருபத்தாறு.
ஒரு சாண் ஆழத்தில் முப்பத்தெட்டு.
முழங்கை ஆழத்தில் நாற்பத்தொன்பது.
அப்பாவும் அக்காவும் கிளறிவிட்டபின்
முப்பத்திரண்டு.
'பிழைக்கான காரணங்கள்' என்ற தலைப்பின் கீழே
ஒரே சொல். மழை.
'முடிவு' காலி.
அதற்கும் கீழே, பென்சிலில் பொடியாக,
இன்னிக்கு மெஷின்ல பத்தொன்பது புள்ளி நாலு,
நாளைக்கும் நிக்கச் சொல்லிட்டாங்க.

பத்துக்கு ஒன்பது போட்டேன்.
எந்த எண்ணுக்கும் அலகு எழுதவில்லை.

வெப்பமானி இன்னும் வரவில்லை.
இருப்புப் பதிவேட்டில் அதன் பெயருக்கு நேரே
உடைந்தது, தொலைந்தது என
இரண்டே கட்டங்கள்.
எதிலும் பேனாவை வைக்காமல்
சன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.
கிழக்கே கொஞ்சம் வெளுத்த மாதிரி இருக்கிறது.