அரைப்பேர்

பொகவந்தலாவையில் பஸ் நின்றுவிடும்.
அங்கிருந்து ஏறினால் முக்கால் மணி நேரம்.
மேற்கணக்கில் எனக்குக் கொடுத்த அறையில்
உப்பு மூன்றாம் நாளே தண்ணீராகிறது.
சாக்பீஸை அடுப்போரம் காயவைத்துத்தான்
பள்ளிக்கு எடுத்துப்போகிறேன்.
காலில் சோப்பு தேய்த்துக்கொள்ளச் சொன்னவள் சதுர்ஷிகா.
அப்படியும் ஒன்றாவது ஏறிவிடும்.
முதல் வாரம் அலறினேன்.
இப்போது பாடத்தை நிறுத்தாமலே
அட்டையைப் பிடுங்கி ஜன்னலுக்கு வெளியே எறிகிறேன்.

இந்தியா டீச்சர் என்று பேர்.
கிரேஸ் ஜெபக்கனி என்பதை
விசா அலுவலகம் மட்டும் முழுசாக வாசிக்கிறது,
வருஷத்துக்கு ஒருமுறை,
வேறு யாரையோ கூப்பிடுவது போல.

ஒரே தமிழ்தான். ஆனாலும்
நான் ‘அங்கன வை’ என்றால் வகுப்பு உருண்டு சிரிக்கும்.
‘அம்மா மலைக்குப் போயிட்டாங்க’ என்று அவர்கள் சொன்னபோது
நான் சிகரத்தைப் பார்த்தேன்.
மெஞ்ஞானபுரத்து ஆலயத்தில் அதற்குப் பர்வதம் என்று பேர்;
அண்ணாந்தால் ஒத்தாசை வரும்.
இங்கே மலை என்றால் எட்டு மணி நேரம்,
ஒரு நிரை, தலையிலிருந்து தொங்கும் சாக்கு.

கழித்தல் நடத்திய நாள் நல்ல மழை.
பத்தொன்பது மாம்பழம், இரண்டு அழுகிவிட்டது, என்றேன்.
லோஜிதன் எழுந்தான்.
‘மாம்பழம் வேணாம் டீச்சர், கொழுந்து.
பத்தொம்பது கிலோ.
சாக்குக்கு ஒண்ணு கழிப்பாங்க, ஈரத்துக்கு ரெண்டு.’
மிச்சம்?
‘அரைப்பேர்.’
விடை தப்பு என்று சொல்ல வாய் திறந்தேன்.
பின்வரிசையில் யாரும் சிரிக்கவில்லை.

பதினெட்டு வராவிட்டால் அரைநாள் கூலியாம்.
விடியலில் பெரட்டுக்கு முழுதாய் வந்து நின்றவளுக்கு
செக்ரோலில் பாதிப் பெயர்.
என் இடாப்பில் நான் யாரையும் அப்படிப் போட்டதில்லை.
ஆறு பெருகிப் பாதி வழியில் திரும்பியவளுக்கும்
முழு டிக்தான்.

அன்று மாலை அவன் அம்மா செல்லக்கிளி வந்தாள்,
நெற்றியில் கயிறு பதிந்த தடத்தோடு.
‘தராசுக்கிட்ட வந்து சும்மா நில்லுங்க டீச்சர்.
நீங்க நின்னா ஒரு கிலோவாச்சும் வெட்கப்படும்.’

துரை தந்த கடிதத்தில் மூன்றாம் நிபந்தனை:
தோட்டத்து விவகாரங்களில் தலையிடலாகாது.
என் விசா அந்தக் கடிதத்தின் மேல் நிற்கிறது.
ஜெபிக்கிறேன், என்றேன்.
‘சரிங்க டீச்சர்.’
தராசடியிலும் இதே சரிங்கதான் போல.

ஜெபித்தேன், பொய்யில்லை.
சிமெண்டுத் தரையில் முழங்கால் விறைத்தது.
ரொட்டி கருகியது. சம்பலைத் தொட்டு அதையே தின்றேன்.

காலையில் வீட்டுப்பாடம் எழுதிப் போட்டேன்:
அம்மா கொழுந்து நிறுக்கும்போது பக்கத்தில் நின்று
எண்ணை அப்படியே எழுதி வரவும்.
எவ்வளவு கழித்தார்கள், எதற்கு.
தேதி அவசியம்.

கொழுந்து மடுவத்தில் பதினோரு கொப்பிகள்,
பதினோரு பென்சில்கள்.
நான் போகவில்லை.
இதை வீரமென்று யாரும் எண்ணிவிட வேண்டாம்;
எனக்குப் பயம், பிள்ளைகளை அனுப்பினேன்.

வெள்ளிக்கிழமை கணக்கப்பிள்ளை வாசலில் நின்றார்,
குடையை மடக்காமல்.
‘என்ன பாடம் இது?’
‘கழித்தல். மூன்றாம் வகுப்பு.’
அவர் மகள் முதல் பெஞ்சில்
தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தாள்.
அவர் குடையிலிருந்து சொட்டிய தண்ணீர்
என் கரும்பலகை வரைக்கும் வந்தது.

சாக்குக்கு ஒன்று இன்னும் கழிக்கிறார்கள்.
ஈரத்துக்கு ஒன்றாகியிருக்கிறது, லோஜிதன் கொப்பிப்படி.
துரையிடமிருந்து இதுவரை கடிதம் ஏதும் இல்லை.

மாதக் கடைசி. ஊருக்கு அறிக்கை அனுப்ப வேண்டும்.
நான்காம் கட்டத்தில் கேட்கிறார்கள்:
இம்மாதம் எத்தனை ஆத்துமாக்கள்.
தாள் ஈரம் குடித்து மை பரவுகிறது.
அரை, என்று எழுதினேன்.
என்னுடையது.
அடித்துவிட்டு,
சாக்பீஸ் இரண்டு பெட்டி வேண்டும் என்று எழுதினேன்,
காற்றுப் புகாத டப்பாவில்.