அறுபத்தேழு மீட்டர்

தோவாளை கடக்கையில்
பிச்சிப்பூ மணம் கேபினுக்குள் ஏறியது நினைவிருக்கிறது.
அடுத்த நினைவு,
இடது கண்ணாடி கம்பத்தில் பட்டுச் சிதறிய சத்தம்.
நடுவில் நாலு நொடி.

வண்டியை ஓரம்கட்டிவிட்டு
டார்ச்சோடு வந்த வழியே திரும்பி நடந்தேன்.
மணிக்கு அறுபதில் நாலு நொடி என்றால்
அறுபத்தேழு மீட்டர் என்று
கிளீனர் ஷாஜின் போனில் கணக்குப் போட்டான்.
எனக்க காலுக்குத் தொண்ணூறு எட்டு.

இருபதாவது எட்டில் ஒரு குருசடி,
உள்ளே மெழுகுதிரி அணையாமல் நின்றது.
நாற்பத்தொன்றில்
பூமூடை கட்டிய சைக்கிள், ஆள் இல்லை.
அறுபதில், வெள்ளைக் கோட்டின் மேலேயே
படுத்திருந்த நாய்
தலையைத் தூக்கி என்னைப் பார்த்துவிட்டு
மறுபடி படுத்தது.
இத்தனையையும் தாண்டிப் போயிருக்கிறது வண்டி.
ஓட்டினது யாரு?

இருபத்திமூணு வருஷம்
தூக்கத்தை எதிராளி என்றே நினைத்திருந்தேன்.
ஜன்னலைத் திறந்து காற்றால் அடித்தேன்.
கட்டன்சாயா ஊற்றி, பாக்கை மென்று,
பாட்டைக் காது கிழிய வைத்து அடித்தேன்.
நடுராத்திரி சாமியார்மடத்தில்
நாலு புரோட்டாவும் சால்னாவும்.
அது எதிராளிக்கு நானே போட்ட சோறு என்று
எவனும் சொல்லவில்லை.

முட்டம் துறைமுகத்தில் மருத்துவ முகாம் அன்று
நர்ஸ் பியூலா டேப்பை எடுத்து
எனக்க கழுத்தைச் சுற்றினாள்.
"சட்டை தைக்கப் போறியளா?"
"குறட்டை உண்டா, டிரைவரே?"
எனக்கு எப்படித் தெரியும்.
மேபலுக்குப் போன் போட்டேன்.
முதலில் சிரித்தாள்.
பிறகு மெல்ல,
"இடையில மூச்சு நின்னுரும். நான் விரலால குத்துவேன்.
அப்பம் வரும்."

வண்டியில் அந்த விரல் இல்லை.

இப்போது எட்டு மணிக்கே
கஞ்சியும் சிறுபயறும், ரெண்டு மட்டிப்பழம்.
(புரோட்டா ஞாயிறு மட்டும். அதுவும் மேபல் அறியாமல்.)
கியருக்குப் பக்கத்தில் தண்ணீர்க்குப்பி.
தண்ணீர் குடித்தால் நிறுத்தியாக வேண்டும்,
நிறுத்தினால் இறங்க வேண்டும்,
இறங்கினால் டயரைத் தட்டிக்கொண்டு
வண்டியை மூணு சுற்று.
மருந்துக் குறிப்பில் நர்ஸ் எழுதாதது இது,
மூத்திரம் சொல்லித் தந்தது.
பகல் உறக்கத்துக்கு ஜன்னலில்
மேபலின் பழைய கறுப்புச் சேலை.
முழுசாய் இருட்டாவதில்லை, ஒரு ஓரம் கிழிசல்.

ஐஸ் உருகுவதற்கு மட்டும் யாரிடமும் வழி இல்லை.

முப்பந்தலில் நிறுத்தியிருக்கிறேன்.
மணி ரெண்டு நாற்பது.
பின்னால் சாளையும் அயிலையும்,
தாரில் சொட்டுச் சொட்டாய் வெள்ளம்.
போன் அடிக்கிறது. கிளாரன்ஸ் முதலாளி.
"வண்டி எதுக்குடே நிக்குது?"
"உறங்கப் போறேன்."
"மீனு?"
"மீன் உறங்கியாச்சு முதலாளி, நான்தான் பாக்கி."
கொஞ்ச நேரம் காற்றின் இரைச்சல்.
"எத்தன நிமிசம்?"
"இருபது."
"பத்து."
ஏலக்கூடத்தில் நிற்பதுபோல் இருந்தது.
"பதினெட்டு" என்று சொல்லி வைத்தேன்.

காற்றாடிகளின் தலையில் சிவப்பு விளக்குகள்
எரிகின்றன, அணைகின்றன,
ஒன்றோடொன்று பேசிவைக்காமல்.
ஷாஜின் போனில் அலாரம் வைத்துவிட்டு
எனக்க தலைமாட்டில் குத்தவைத்து இருக்கிறான்.
"மூச்சு நின்னா குத்தணுமா, அண்ணே?"

"குத்துலே."