மூன்றாம் தடவை

ஆய்வுத் துளை நாலு விரற்கடை.
குளச்சல் வள்ளங்களின் எஞ்சின் பிரிக்கும் கை
ததேயுவுக்கு.
மணிக்கட்டோடு நின்றுவிட்டது.

வளையல்களைக் கழற்றி
விமானத்தின் ஸ்டிக்கில் மாட்டிவிட்டு
என் கையை விட்டேன்.

முதல் தடவை
சொந்த மரத்து ரப்பர் ஷீட்டை வெட்டி
டாங்கிக்கும் பட்டைக்கும் நடுவே வைத்தார்.
பெட்ரோல் பட்டு ஊறி
அல்வா மாதிரி கையோடு வந்தது.
இரண்டாம் தடவை வெல்டிங்.
சைக்கிள் பம்பால் காற்றடித்து
சோப்பு நுரை தடவி
குமிழி வருகிறதா என்று
ராத்திரி முழுக்கத் திருடனுக்குக் காவல்.

இப்போது கார்க்.

"நட்டு கிட்டிச்சா?"
"கிட்டிச்சு."
"பைய திருப்பு."
"பையத்தான் திருப்புதேன்."

உள்ளே இருட்டு.
விரல்நுனிக்கு மட்டும் தெரிகிற
ஒரு மரை, பிறகு இன்னொரு மரை.
அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே
அவர் பார்க்க முடியாததை முறுக்கினேன்.
அந்த முகமும் கூடவே இறுகியது.

திங்கள்நகருக்கே தெரியும் எங்கள் ஷெட்டை.
சாளை விற்க வரும் பிரகாசி
சில்லறை எண்ணும்போது கேட்பாள்,
"எப்பம் பறக்கும்?"
முதல்ல ஒழுகாம இருக்கட்டு, என்பேன்.

ஐந்து லிட்டர் ஊற்றி
அடியில் பேப்பர் விரித்து
விளக்கை அணைத்தோம்.
ஓடெல்லாம் தடதடக்க
ஆரல்வாய்மொழிக் காற்று.

விடியுமுன்னே கூப்பிட்டார்.
"வட்டமா ஒரு கறை கிடக்கு."
குரலில் ஈரமே இல்லை.

முட்டி போட்டு முகர்ந்து பார்த்தேன்.

கட்டன்சாயா.
ராத்திரி அவர் கிளாஸ் வைத்த இடம்.

மணிக்கட்டு வீங்கியிருக்கிறது எனக்கு.
வளையல்கள் ஸ்டிக்கிலேயே கிடக்கின்றன.
காற்றுக்குச் சுக்கான் ஆடும்போதெல்லாம்
உள்ளே கிலுங்குகின்றன.