பூஜ்யம் ஒன்று கூடிப்போன நாடு

ஷார்ஜா, இண்டஸ்ட்ரியல் ஏரியா பத்து.
அச்சகத்தின் பின்பக்கம் மடிப்பு எந்திரம் என் பொறுப்பு.
வியாழன் இரவு வந்த வேலை:
ஐயாயிரம் பிரதி, நான்கு வண்ணம், மும்மடிப்பு.
துபாய் கண்காட்சியில் கடைவிரிக்கப்போகும்
ஒரு குட்டி ஐரோப்பிய நாடு.
லிக்டென்ஸ்டைன்.
சொல்லிப் பார்த்தேன்,
பல்லிடுக்கில் கறித்துணுக்கு மாட்டியதுபோல் இருந்தது.

பரப்பு நூற்று அறுபது சதுர கிலோமீட்டர்.
நீளம் இருபத்தைந்து.
சஜா கேம்ப்பிலிருந்து அச்சகத்துக்கும்
ஏறக்குறைய அவ்வளவுதான்.
அப்படியானால் நான்
ஒரு தேசத்தைத் தலையிலிருந்து கால்வரை
தினம் இரண்டு முறை
கம்பெனி வேனில் தூங்கியபடியே கடக்கிறேன்.

விமான நிலையம் இல்லை.
ராணுவம் இல்லை, கலைத்த வருஷம் 1868.
கடல் இல்லை.
சுற்றி இரண்டே நாடுகள், அவற்றுக்கும் கடல் இல்லை.

கட்டிங் மெஷின் டேக் பகதூருக்கு இதைப் படித்துக் காட்டினேன்.
"எங்களுக்கு ஒரு நாட்டைத் தாண்டினாலே கடல்" என்றான்.
ஐரோப்பாவை ஒன்றிலாவது முந்திவிட்ட நேபாளம்
லபான் பாக்கெட்டை ஒரே மூச்சில் உறிஞ்சியது.
அவன் இங்கே வந்து மூன்று வருஷம்.
கடல் இங்கிருந்து பத்து கிலோமீட்டர்கூட இராது.
பார்த்தது ஒரே தடவை,
இறங்கும்போது, ஜன்னல் ஓரக்காரனின் தோளுக்கு மேலாக.

மூவாயிரம் மடித்தாகிவிட்டது.
அப்போதுதான் உறுத்தியது.
மக்கள்தொகை நான்கு லட்சம் என்கிறது முதல் பக்கம்.
மொத்தம் பதினோரு ஊர்,
பெரிய ஊரிலேயே ஆறாயிரம் பேர் என்கிறது மூன்றாம் பக்கம்.
எப்படிப் பெருக்கினாலும்
அறுபத்தாறாயிரத்துக்கு மேல் ஆளில்லை.

எந்திரத்தை நிறுத்தினேன்.
சூப்பர்வைசர் லோபோ கொங்கணியில் திட்டிக்கொண்டே வந்தார்,
பெருக்கிப் பார்த்தார்,
திட்டிக்கொண்டே போன் போட்டார்.
நாற்பதாயிரம்தானாம்.
யார் கண்டுபிடித்தது என்று அந்தப்பக்கம் கேட்டிருக்க வேண்டும்.
"எங்கள் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவு" என்றார் லோபோ,
பிரிவின் முகத்தைப் பார்க்காமலே.

மூன்று லட்சத்து அறுபதாயிரம் பேரை
ஒரே அழைப்பில் நாடுகடத்தியிருக்கிறேன்.
விசா ரத்து இல்லை, கைரேகை இல்லை,
முப்பது கிலோவுக்குள் பெட்டி கட்டும் அவசரம் இல்லை,
பாக்கிச் சம்பளம் கேட்டு
ஆபீஸ் வாசலில் நிற்க ஒருவர்கூட இல்லை.

கழிவான தாளில் ஒரு கட்டை
கேம்ப்புக்குத் தூக்கிவந்தேன்.
வழவழப்பான நல்ல தாள், குழம்பு ஊறாது.
அறை நடுவே விரித்தோம்:
ஆல்ப்ஸ் மலைமேல் சோற்றுச் சட்டி,
ரைன் நதியோரம் மத்திக் குழம்பு.
கீழக்கரை நெய்னா, தட்டை நகர்த்தி,
விரலால் ஒரு பருக்கையைத் தள்ளிவிட்டு
எழுத்துக்கூட்டி வாசித்தான்:
அங்கே மக்களைவிட வேலை அதிகம்.
வேலைசெய்பவர்களில் பாதிக்குமேல்
பக்கத்து நாட்டுக்காரர்கள்.
காலையில் எல்லை தாண்டி வருகிறார்கள்,
மாலையில் வீடு திரும்புகிறார்கள்.

மொயினுலுக்கு அதை இந்தியில் சொன்னேன்.
பிசைந்த கை அப்படியே நின்றது.

"எப்ப திரும்புறாங்க?"
"சாயங்காலம்."
"எந்த சாயங்காலம்?" என்றார் சூசையா.
அவருக்கு அடுத்த லீவு பதினான்கு மாதம் கழித்து.
"தினமும் சாயங்காலம்."
"வெளிநாட்டு வேலைக்குப் போயிட்டா?"
"ஆமா. ரயில்ல, பஸ்ல. பக்கத்துல இருக்கவங்க சைக்கிள்ல கூட."
சம்பளம் எவ்வளவு என்று நெய்னா தேடினான்.
அந்த இடத்தில் குழம்பு கொட்டியிருந்தது.

முள்ளையெல்லாம் நடுவில் கூட்டி
தாளை மடித்தேன்,
பழக்கதோஷம், மும்மடிப்பாகவே வந்தது.
வெளிப்பக்கம் மலைமேல் இளவரசரின் கோட்டை,
ஓரத்தில் மஞ்சள் எண்ணெய்.

விளக்கணைத்து வெகுநேரம் ஆகியிருக்கும்.
ஏசி நின்று மறுபடி உறுமத் தொடங்கிய இடைவெளியில்
மேல்கட்டிலிலிருந்து சூசையா கேட்டார்:
"சைக்கிள்லயா?"