பெரும்புள்ளிகள்

நியூயார்க்கிலிருந்து பதினெட்டு மணி நேரம்.
வழியில் ஒரு புதன்கிழமை
யாருக்கும் கிடைக்காமல் கடலில் விழுந்துவிட்டது.
எங்கள் நால்வருக்கும் அது பழகிப்போன நஷ்டம்.
சாங்கியில் சக்கரம் தரை தொட்டபோது
வியாழன், காலை ஐந்து பத்து.

நாங்கள் எங்கும் போகிறவர்கள் அல்லர்,
போய் வருகிறவர்கள்.
நியூயார்க்கில் பார்த்தது
ஒரு கம்பளம், பழுதான காப்பி இயந்திரம்,
சப்பாத்தைக் கழற்றச் சொன்ன ஓர் அதிகாரி.
ஐந்தாவது மணி நேரம் மறுபடி வானத்தில்.
எல்லாம் தங்க அட்டை தங்கமாகவே இருக்க.

"இவ்வளவு புள்ளி சேர்த்துக் கோலமா போடப்போகிறாய்?"
என்றாள் என் தங்கை.
பெரும்புள்ளி ஆகப்போகிறேன் என்றேன்.

மேவிஸ் டியோ கணக்கு ஆசிரியை.
இருக்கை எண்ணைச் சொன்னால் போதும்,
சன்னலுக்கு நேரே இறக்கை வருமா வராதா
கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்.
ஹர்சரண் தூங்குவதில்லை.
திரையில் ஊரும் குட்டி விமானத்தையே பார்த்திருப்பார்,
கண்ணெடுத்தால் அது நின்றுவிடும் என்பதுபோல.
ஞானசிகாமணி, குனிந்து,
தன் காலையும் கம்பளத்தையும் சேர்த்துப் படமெடுப்பார்.
இதுவரை இருநூற்றுப் பன்னிரண்டு விமான நிலையங்கள்.
ஒன்றிலும் முகம் இல்லை.

ஒன்பதரைக்கு ஜகார்த்தா.
அதுவும் மைலுக்காகத்தான்.

நான்கு மொழிப் பலகையில் கடைசி வரி எனக்கு:
புறப்பாடு.
சாமிக்குச் சொல்கிற சொல்.
மேளம் இல்லை, குடை இல்லை,
நகரும் நடைபாதையில்
கழுத்துத் தலையணையோடு எழுந்தருளினோம்.

ஓய்வறை வாசலில்
மூன்று அட்டைக்குப் பச்சை விளக்கு.
ஞானசிகாமணிக்குச் சிவப்பு.
அந்தப் பெண் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:
"நீங்க இப்ப வெள்ளி, ஐயா."

கெடு புதன்கிழமையோடு முடிந்திருந்தது.
கடலில் விழுந்த அதே புதன்.
இந்தப் பயணத்தின் மைல்கள் கணக்கில் ஏற
இன்னும் மூன்று நாளாகும்.
"பிப்ரவரி முழுக்கப் பறக்க முடியல" என்றார்.
அவருடைய இடது மணிக்கட்டில்
ஊசி ஏறிய தழும்பு பழுப்பாக இருந்தது.
பதினெட்டு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்,
பார்த்ததில்லை.

வெள்ளி என்றால் இந்த ஊரில் காசு.
அந்த ஒரு கதவுக்கு மட்டும் அது செல்லாது.

மேவிஸ் தன் அட்டையைப் பைக்குள் போட்டார்.
"உள்ளே கஞ்சி எனக்குப் பிடிக்காது."
"எனக்கும்" என்றார் ஹர்சரண்,
போன மாதம் மூன்று கிண்ணம் குடித்தவர்.

கட்டைவிரலை வைத்தேன்.
சொந்த ஊர் கண்ணாடிக் கதவாகத் திறந்தது.
இருபது நிமிடப் பேருந்தில் என் வீடு,
பால்கனியில் என்றைக்கோ காயப்போட்ட துண்டு.
யாரும் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை.
கார் நிறுத்துமிடத்தின் பின்னால், இரண்டு தளம் கீழே,
குழாய்கள் ஓடும் நடை ஒன்றின் முடிவில்
ஊழியர் உணவகம்.
இத்தனை வருடம் எங்கள் காலடியில் இருந்திருக்கிறது.

மஞ்சள் அங்கிகள், ஈர பூட்ஸ்கள்,
தட்டின் மேலேயே தூங்கும் ஒரு துப்புரவாளர்.
எதிர் நாற்காலியில் பெட்டி ஏற்றுகிறவர்.
சட்டையில் பெயர்: சங்கிலிமுத்து.
"நியூயார்க்கா? நான்தான் இறக்கினேன்.
வயித்துக்குள்ள ஒரு நாய் வந்துச்சு, பழுப்பு நாய்.
கூண்டைத் திறந்தா உங்க எல்லாரையும்விட
தெளிவா நின்னுச்சு."

ஞானசிகாமணி சிரித்தார்,
விலாவை ஒரு கையால் பிடித்துக்கொண்டு.
நான்கு கோப்பி-ஓவுக்கும் அவரே
வெள்ளி எண்ணிக் கொடுத்தார்.
வாங்கிக்கொண்டார்கள்.

பிறகு குனிந்து படமெடுத்தார்.
கம்பளம் இல்லை, வெறும் சிமெண்டு,
சிந்திய சம்பால்,
எங்கள் சப்பாத்துகள், சங்கிலிமுத்துவின் பூட்ஸ்.
"இதுக்கு என்ன எண்?"
சாங்கி ஏற்கெனவே கணக்கில் இருக்கிறதே என்று
மேவிஸும் அவரும் வெகுநேரம் வாதாடினார்கள்.

தூணில் தொங்கிய திரையில்
ஜகார்த்தா மஞ்சளாக மின்னியது.
வாயிலுக்கு நாற்பத்தொரு நிமிடம்,
இப்போதே எழுந்தால், என்றார் மேவிஸ்.
இன்னொரு தட்டு ரொட்டி சொன்னார் ஹர்சரண்.
நான் அந்த நாயின் பெயரைக் கேட்டேன்.