பொதுச் சராசரி

மார்ச்சில் குவாக்காப் பறவைகள்
மொடுவேகா மணல்திட்டை விட்டு எழும்பிய அதே வாரம்
நானும் கோப்பை அனுப்பினேன்.
நாற்பத்தெட்டுப் பக்கம், நான்கு வண்ணம், தையல் கட்டு,
இரண்டாயிரம் பிரதி.
இரண்டும் போனது ஒரே திசைக்குத்தான்.
கிறைஸ்ட்சர்ச் அச்சகம் கேட்டதில் மூன்றில் ஒரு பங்கு விலை.
"இவ்வளவு மலிவா? எங்கே இடிக்கிறது?" என்றாள் நைரீ.
"எங்கேயும் இல்லை" என்றேன்.

ஏப்ரலில் டோங்குவானிலிருந்து லான்ஃபென் எழுதினாள்:
22, 23ஆம் பக்கங்களில் வரைபடம் இருக்கிறது.
வரைபடம் என்றால் அனுமதி வேண்டும்.
அனுமதி என்றால் முப்பது வேலைநாள்,
அல்லது அறுபது, அல்லது பதிலே வராது.
பெயர்களையும் கோடுகளையும் எடுத்துவிட்டால்
அது வெறும் ஓவியம்.
ஓவியத்தை யாரும் எதுவும் கேட்பதில்லை.

எடுத்தேன்.
யாலு ஆற்றின் முகத்துவாரம் போயிற்று.
மஞ்சள் கடல் போயிற்று.
நைரீ ஏழு மாதம் தீட்டிய பறவை
நீலத்தில் கிளம்பி நீலத்தில் இறங்கியது.
அவள் ஒன்றும் சொல்லவில்லை,
தூரிகையைக் கழுவிக்கொண்டே இருந்தாள்
தண்ணீர் தெளிந்த பிறகும்.

விலைப்பட்டியலின் நான்காம் பக்கத்தில் ஒரு வரி இருந்தது:
சரக்கு கப்பலில் ஏறிய நொடியிலிருந்து
ஆபத்து வாங்குபவருடையது.
அன்று நான் காகிதத்தின் எடையைத்தான் படித்துக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட். சாலமன் தீவுகளுக்கு வடக்கே
கப்பலின் நான்காம் அறையில் தீ.
லண்டனிலிருந்து கடிதம்:
உங்கள் கன்டெய்னர் பத்திரம்.
பொதுச் சராசரி அறிவிக்கப்பட்டுள்ளது.

சராசரி என்றால்
கூட்டி வகுப்பது என்றுதான் நினைத்திருந்தேன்.
கடலில் கணக்கு வேறு.
கப்பலைக் காப்பாற்ற எதைப் பலி கொடுத்தாலும்
பிழைத்த சரக்கெல்லாம் சேர்ந்து ஈடு கட்ட வேண்டுமாம்.
தீயணைத்த நீரில் ஊறிய
யாரோ ஒருவரின் நாலாயிரம் ஜோடி ரப்பர் செருப்பு,
யாரோ ஒருவரின் சோபாக்கள்,
இழுவைக் கப்பலின் வாடகை.
என் பங்கு, சரக்கின் மதிப்பில் நூற்றுக்கு இருபத்தேழு.
கட்டும்வரை புத்தகங்கள் பிணை.
காப்பீட்டை அச்சகம் எடுத்திருக்கும் என்று நான் இருந்தேன்.
நான் எடுத்திருப்பேன் என்று அச்சகம் இருந்தது.
காரை விற்றேன்.

செப்டம்பர் இருபதாம் தேதி காலை
மணல்திட்டில் பறவைகள் வந்து விழுந்தன.
அலாஸ்காவிலிருந்து எட்டோ ஒன்பதோ நாள்,
இரை இல்லாமல், இறங்காமல்.
வந்ததும் நிற்கவே முடியவில்லை சிலவற்றுக்கு.
அவற்றைப் பற்றிய புத்தகம்
இன்னும் டவுரங்கா துறைமுகத்தில்
நாளுக்கு நாள் தரை வாடகை ஏறிக் கிடந்தது.

அக்டோபரில் பெட்டிகளைப் பிரித்தோம்.
கருகிய வாடை. அறுபது பிரதிகளில் பூசணம்.
மீதியில் நீலம், நாங்கள் கேட்டதைவிட நல்ல நீலம்.
நைரீ பென்சிலைச் சீவினாள்.
22ஆம் பக்கத்தைத் திறந்து
மஞ்சள் கடல் என்று எழுதினாள்.
அடுத்த பிரதி. அடுத்த பிரதி.
நானும் உட்கார்ந்தேன்.
முந்நூறாவது பிரதியில் என் கையெழுத்து சரிந்து
கடல் ஆற்றுக்குள் போய்விட்டது.
விட்டுவிடு என்றாள்.

அன்று இரவு அந்தப் பக்கத்தைப் படமெடுத்து
லான்ஃபெனுக்கு அனுப்பினேன்.
கொஞ்சம் கோபத்தோடுதான் அனுப்பினேன்.
பதில் அலுவலக முகவரியிலிருந்து வரவில்லை.
என் அம்மா டான்டோங்கில் சிப்பி பொறுக்கியவர்.
நீங்கள் எழுதியிருப்பது அந்தச் சேற்றின் மேல்தான்.
எடுக்கச் சொல்லி உங்களுக்கு எழுதும்போது
எனக்குத் தெரிந்தேதான் இருந்தது.
எனக்கு ஒரு பிரதி கிடைக்குமா,
பெயர் எழுதியது?
வீட்டுக்கு அனுப்புங்கள். அச்சகத்துக்கு வேண்டாம்.

இதுவரை ஆபத்து என்று நான் கூட்டியதெல்லாம்
டாலரில்.

உறை மேசையில் இருக்கிறது.
சுங்கப் படிவத்தில் 'உள்ளடக்கம்' என்ற கட்டம்
கட்டைவிரல் அகலம்தான்.
ஓவியம் என்று எழுதலாம்.
அழிரப்பரும் பக்கத்திலேயே இருக்கிறது.
தபால் வண்டி நான்கு மணிக்கு வரும்.
இப்போது மூன்று ஐம்பது.